சுரண்டப்படாத சுவர்கள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இன்றும் நிற்கும் இடைக்காலப் பங்குக் கோயில்களில் பெரும்பாலானவற்றின் உட்புறம், அவற்றைக் கட்டியவர்கள் விட்டுச்சென்ற நிலையில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் புதுப்பிப்பாளர்கள் திருத்தியமைத்த நிலையிலேயே இருக்கிறது. அந்த அலைக்குத் தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று, வில்ட்ஷயர் மாவட்டத்தின் வடஎல்லையில், தேம்ஸ் ஆற்றின் அருகே இருக்கும் இங்கிள்ஷாம் ஊரின் புனித யோவான் ஸ்நானகர் ஆலயமாகும்.

ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தொடக்கம் உடைய இந்த ஆலயத்தின் இப்போதைய கட்டடத்தில் பெரும்பகுதி 1205ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. இங்கிலாந்தின் கட்டடக்கலை நார்மன் பாணியின் கனத்த அரைவட்ட வளைவுகளைக் கைவிட்டு, கோதிக் பாணியின் கூர்முனை வளைவுகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தால் கட்டுண்டது. கூர்வளைவோ அகலம் எதுவாயினும் வேண்டிய உயரத்துக்கு எழும்பக்கூடியது என்பதோடு, பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கி இறக்குவதும் ஆகும். இங்கிள்ஷாமின் அமைப்பு எளியது: மக்கள் கூடும் நடுக்கூடம், வளைவு வரிசைகளால் அதிலிருந்து பிரிக்கப்பட்டு இருபுறமும் ஒட்டிநிற்கும் பக்கக்கூடங்கள், பலிபீடம் அமைந்த கிழக்குப் பகுதி, மேற்குச் சுவரின் உச்சியில் கோபுரத்துக்குப் பதிலாக மணிகளைத் தாங்கும் சிறு கல்மாடம்.

இந்த எளிய கூட்டுக்குள் சேர்ந்திருப்பவைதாம் வியப்புக்குரியவை. 13ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை வரையப்பட்ட சுவர் ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சில இடங்களில் ஏழு அடுக்கு வரை படிந்திருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது உருவங்களை வழிபாட்டுக்கு ஒவ்வாதவை என்று கருதிச் சுண்ணாம்பு பூசி மறைத்த ஆங்கிலேயர், அந்த வெள்ளைப் பரப்பின்மேல் வேதாகம வசனங்களை எழுதினர். பின்வந்தோர் அவற்றின்மேலும் எழுதினர். இப்போது பூச்சு உதிர்ந்த இடங்களில் ஓவியத் துண்டும் எழுத்தும் கலந்து தெரிகின்றன. அன்னை மரியாள் குழந்தையோடு அமர்ந்திருக்கும் சாக்சன் காலத்துக் கற்சிற்பம், நெடுங்காலம் தென்சுவரின் வெளிப்புறத்தில் வெயிலிலும் மழையிலும் இருந்தபின் உள்ளே பதிக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டு மரத்தடுப்புகளோடு, குடும்பங்கள் தனித்தனியே அமரும்படி உயர்ந்த பலகைகளால் அடைத்துக் கதவும் வைத்த பெட்டி இருக்கைகளும் இங்கே நிலைத்துள்ளன.

மற்ற ஊர்களில் முதலில் வெளியேற்றப்பட்டவை இத்தகைய இருக்கைகளே. 1839இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கமும் அதன் கருத்தைப் பின்பற்றியவர்களும் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் கோதிக் வடிவமே நிறைவானது என்று நம்பி, அதற்குப் பிந்தியவற்றை அகற்றவும் பழைய சுவர்களின் சுண்ணப்பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளிக்காட்டவும் தூண்டினர். ஒழுகும் கூரைகளையும் சாய்ந்த சுவர்களையும் அவர்கள் காத்ததால்தான் பல ஆலயங்கள் விழாமல் நின்றன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சுரண்டிய பூச்சோடு போன ஓவியங்களைத் திரும்பப் பெற வழியே இல்லை. பழுது பார்ப்பதற்கும் பழமையைப் புதிதாகப் படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தலைமுறை உணரவில்லை என்பதே அதன் பெருங்குறை.

அந்த வேறுபாட்டை உரக்கச் சொன்னவர் கவிஞரும் கைவினை வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ். 1876இல் பர்ஃபோர்ட் ஆலயத்தில் நடந்துகொண்டிருந்த மாற்றங்களைக் கண்டு அவர் கொதித்தார். அப்பணியை நடத்திய ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில்தான் மாரிஸ் இளமையில் கட்டடக்கலை பயின்றிருந்தார். மறு ஆண்டு, டியூக்ஸ்பரி ஆலயத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய அவர், பிலிப் வெப் முதலியோருடன் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். கூரை ஒழுகாமலும் சுவர் சாயாமலும் அன்றாடம் பேணுவதே போதும், காலம் சேர்த்த எதையும் ஒரே காலத்தின் அழகுக்காகக் களையக்கூடாது என்பது அச்சங்கத்தின் கொள்கை.

மாரிஸ் கோடையில் தங்கிய கெல்ம்ஸ்காட் இல்லத்துக்குச் சில மைல் தொலைவிலேயே இருந்த இங்கிள்ஷாம், அந்தக் கொள்கைக்கு உரைகல்லாயிற்று. 1888-89இல் கட்டடக்கலைஞர் மிக்கிள்த்வெயிட்டின் மேற்பார்வையில் நடந்த பணி பழுதுகளைச் சீர்செய்வதோடு நின்றது. இருக்கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, சுவர்கள் சுரண்டப்படவில்லை. புதுப்பித்தவரின் கைவண்ணம் கண்ணில் படாத புதுப்பிப்பே சிறந்தது என்பதற்கு இங்கிலாந்தில் இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது. வழக்கமான வழிபாடு நின்றுவிட்ட இந்த ஆலயத்தை இப்போது தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை பராமரித்து வருகிறது. மாரிஸின் ஊக்கத்தாலும் உதவியாலும் அந்தப் பழுதுபார்ப்புப் பணி நடந்ததைக் குறிக்கும் பட்டயம் ஒன்று உள்ளே வைக்கப்பட்டுள்ளது.