சூடு காட்டினால் மட்டும் போதுமா?

சம்பள நாளின் மாலைப்பொழுது. தோட்டத்தை அடுத்த பட்டணத்தின் சாலையோரத்தில் இரவுச் சந்தை கூடியிருக்கின்றது. காய்கறி, கெம்போங் மீன், கோழி ஆகியவற்றோடு பிள்ளைகள் விரும்பும் மீ கோரேங்கும் நான்கு பொட்டலம் வாங்கி வருகின்றோம். இரவில் இரண்டு பொட்டலம் செலவாகின்றது. எஞ்சியது அடுப்பங்கரையிலேயே இருக்கின்றது. பொழுது புலருமுன் இல்லத்தரசி அதனைச் சூடு காட்டிக் கணவரின் பசியாறலுக்காகத் தூக்கில் வைத்து அனுப்புகின்றார். மரம் வெட்டி முடித்து, காலை 9 மணிக்கு அவர் அதனை உண்கின்றார்.

உணவை வீணாக்கலாகாது என்னும் எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால், "சூடு காட்டிவிட்டோமே, இனி என்ன தீங்கு நேரும்?" என்னும் நம்பிக்கை சரியானதுதானா? இதனை ஆராய்ந்து பார்ப்பது நம் உடல்நலத்திற்கு இன்றியமையாததாகும்.

சந்தையின் பயன்

சந்தையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஃபாமா எனும் வேளாண்மைச் சந்தை வாரியம், 1985-ஆம் ஆண்டு முதல் 'பசார் தானி' எனப்படும் உழவர் சந்தைகளை நடத்தி வருகின்றது. இடைத்தரகரின்றிப் பயிரிடுவோரே நேரில் விற்பதால் இரு சாராரும் பயனடைகின்றனர். தோட்டப் பெண்மணிகள் பலரும் கீரையும் வடையும் விற்றுக் குடும்ப வருவாயைப் பெருக்குகின்றனர். எனினும், திறந்தவெளிச் சந்தைகள் பலவற்றில் குழாய்நீர் அருகில் இருப்பதில்லை. குளிரூட்டும் வசதியும் குறைவு. வெயிலும் புழுதியும் ஈயும் உணவை எளிதில் அடைகின்றன. ஆகவே விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் விழிப்பு வேண்டும்.

காலமே முதற்பகை

கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் விரைந்து பெருகுகின்றன. நம் நாட்டின் இயல்பான வெப்பநிலை இந்த எல்லைக்குள்ளேயே அடங்குகின்றது. ஏற்ற சூழலில் ஒரு கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டாகின்றது. இவ்வாறே பெருகினால் நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும்!

இதனால்தான், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்தல் ஆகாது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பிற்பகல் 3 மணிக்குச் சமைக்கப்பட்ட மீயை மறுநாள் காலை 9 மணிக்கு உண்டால் இடையில் 18 மணி நேரம் கழிந்துள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சூட்டுக்கு அடங்காத நஞ்சு

நன்கு கொதிக்க வைத்தால் கிருமிகளுள் பெரும்பாலானவை மடியும் என்பது உண்மையே. ஆனால் சில கிருமிகள் தாம் மடியுமுன் உணவில் நஞ்சை விட்டுச் செல்கின்றன. கைப்புண்ணிலும் மூக்கிலும் வாழும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. பால்வெட்டும் கத்தி பட்ட விரலோடு மாவு பிசைந்தால் இக்கிருமி உணவில் சேரக்கூடும். சோற்றிலும் மீயிலும் வளரும் மற்றொரு கிருமியும் இத்தகைய நஞ்சை உண்டாக்க வல்லது. இவ்வுணவை உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றும்.

கெம்போங், தொங்கோல் போன்ற மீன்கள் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் அவற்றிலும் ஒரு நச்சுப்பொருள் உண்டாகின்றது. குழம்பு வைத்தாலும் அது நீங்காது. உண்டவருக்கு உடல் சிவந்து அரிப்பும் தலைவலியும் ஏற்படும்.

பூஞ்சைக் காளானின் நஞ்சோ இன்னும் கொடியது. 1988-ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் அரிசி மாவினால் செய்த ஒருவகை மீயை உண்ட 13 குழந்தைகள் உயிரிழந்தனர். அஃப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கண்டனர். இந்நஞ்சும் சமையல் சூட்டில் முழுமையாக அழிவதில்லை. கெட்டுப்போன பண்டத்தைத் தீயினால் திருத்திவிட முடியாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

வாங்குவோர் கவனத்திற்கு

1. சமைத்த உணவை ஆவி பறக்கும் நிலையிலேயே வாங்குக. எப்பொழுது சமைத்தது என்று விற்பவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

2. அன்றிரவுக்கு வேண்டிய அளவே வாங்கி, வீடு திரும்பியதும் உண்க. மறுநாள் பசியாறலுக்குக் காலையில் சுட்ட தோசை, அவித்த முட்டை போன்றவற்றை எடுத்துச் செல்வது நலம்.

3. மீனையும் கோழியையும் கடைசியாக வாங்குக. கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் சதை கெட்டியாகவும் உள்ள மீனே நல்லது.

4. கோழியின் நீர் காய்கறியில் வடியாதவாறு தனிப்பையில் கொண்டு வருக. கோழி நறுக்கிய பலகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே காய்கறி நறுக்குதல் வேண்டும்.

5. வெட்டி வைத்த பழத்தினும் முழுப்பழமே மேல்.

விற்போர் கடமை

1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ், தூய்மையற்ற உணவுக்கடையை 14 நாள் வரை மூடுமாறு ஆணையிட முடியும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள், உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறவும் தடுப்பூசி போட்டுக் கொள்ளவும் வலியுறுத்துகின்றன. விதிகளை மீறுவோருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். விரலில் புண் இருப்பின் அதனை நீர் புகாதவாறு கட்டிக் கையுறை அணிதல் வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள நாளில் உணவைத் தொடாமலிருத்தல் வேண்டும். நம் கையால் செய்த வடையை உண்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாமன்றோ?

நோய் கண்டால்

வாந்தியும் பேதியும் கண்டால் உடலில் நீர் வற்றுவதே பேராபத்தாகும். உப்புக் கரைசல் பொட்டலம் கிட்டாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்து வருக. குழந்தையின் கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் சற்றும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. உண்ட உணவில் மிச்சமிருந்தால் எறிந்துவிடாது குளிர்ப்பெட்டியில் தனியே வைத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்குத் தெரிவிப்பது பிறரையும் காக்கும்.

மிஞ்சிய ஒரு பொட்டலத்தின் விலை சில ரிங்கிட்டே. நோய்வாய்ப்பட்டால் இழப்பதோ பல நாட் கூலி. குழந்தையாயின் இழப்பு அதனினும் பெரிது. ஆதலின், ஐயத்திற்கிடமான உணவை அடுப்பில் ஏற்றாமல் அகற்றிவிடுவதே அறிவுடைமையாகும். அதுவே சிக்கனமுமாகும்.