கோபுரத்திலிருந்து படிப்பு மேசை வரை: தோட்ட வீட்டில் வைஃபையைச் சரியாக அமைப்போம்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைக்கப்பட்டன. வகுப்பறை கைப்பேசிக்குள் வந்தது. ‘இல்லிருப்புக் கற்றல்’ என்ற சொல் எல்லா வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி அமர்ந்த காணொளி நாடெங்கும் பேசப்பட்டது. இணைய வசதி என்பது கல்வி உரிமையோடு சேர்ந்தது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது, இணையத்தின் தேவை ஓயவில்லை. எஸ்.பி.எம். முடித்தவர் பொதுப் பல்கலைக்கழகத்திற்கு யுபியு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேசன் விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கல்விக் கடன், முவெட் தேர்வு முடிவு என எல்லாமே திரையில்தான் நடக்கின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாள் இரவில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அது வெறும் எரிச்சல் அல்ல. ஓராண்டுக் காத்திருப்பாகவும் மாறிவிடலாம்.

கேமரன் மலைத் தோட்டங்களில் இணையம் மெதுவாக வந்தால் பொதுவாக இரண்டு பேர் மீதுதான் பழி விழும்: ஒன்று நிறுவனம், மற்றொன்று பனி. கோபுரம் அமைப்பதும் ஃபைபர் கம்பி இழுப்பதும் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாசல் வரை வந்துவிட்ட இணையத்தைப் படிப்பு மேசை வரை கொண்டு சேர்ப்பது முழுக்க நம் வேலை. அந்தக் கடைசிச் சில அடிகளில்தான் பல வீடுகள் நிறைய இழக்கின்றன. ஒரு கணினியும் ஒரு கம்பியும் அரை மணி நேரமும் இருந்தால் அதைச் சரிசெய்யலாம்.

பனி செய்யாததும் மலை செய்வதும்

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த மலைப்பகுதி இது. 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹாபு பக்கத்துப் போ தோட்டம், பிரிஞ்சாங் மலைக்குப் போகும் வழியில் சுங்கை பாலாஸ், கம்போங் ராஜா அருகில் புளூவேலி ஆகியவை நம் முன்னோர் காடழித்துக் கொழுந்து கிள்ளிய இடங்கள். தேயிலைக்குச் சரிவான நிலமும் குளிர்ச்சியும் நல்லவை. கைப்பேசி அலைக்கோ இந்தச் சரிவுகள்தான் தடை. குன்றின் உச்சியில் கோபுரம் நின்றாலும், மடிப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு அதன் நேர்ப்பார்வை கிடைக்காமல் போகலாம். இடையில் ஒரு மேடு நின்றால் போதும், அலை பெரிதும் வலுவிழந்துவிடும்.

பனி அப்படிச் செய்வதில்லை. 4ஜி அலைகளின் அலைநீளம் 10 சென்டிமீட்டருக்கும் அதிகம். பனித்துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். இவ்வளவு சிறிய துளிகள் இவ்வளவு நீண்ட அலையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடம் படித்தவர்கள், வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து இந்த அலைநீளத்தைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மழையில் நனைந்த அடர்ந்த இலைகள் அலையைக் கொஞ்சம் உறிஞ்சும். மின்னலும் மின்தடையும் கருவிகளைப் பாதிக்கும். வெறும் பனிமூட்டத்தில் இணையம் நின்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

முதலில் சோதனை, பிறகு சிகிச்சை

கோளாறு வீட்டுக்கு வெளியிலா, உள்ளேயா? இதைத் தெரிந்துகொள்ளாமல் புதிய ரூட்டர் வாங்குவது பண விரயம்.

ரூட்டரின் பின்புறத்தில் ‘லேன்’ என்று குறிக்கப்பட்ட துளையில் கம்பியின் ஒரு முனையைச் செருகுங்கள். மறுமுனையை மடிக்கணினியில் செருகுங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் அந்தத் துளை இருக்காது. யுஎஸ்பியில் செருகும் சிறிய இணைப்பான் ஒன்று தேவைப்படும். இப்போது மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ஏதாவதொரு வேகச் சோதனை இணையப்பக்கத்தில் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பியைக் கழற்றி, வைஃபையைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் மேசையில் அமர்ந்து மீண்டும் அளந்து பாருங்கள்.

கம்பியிலேயே வேகம் குறைவாக இருந்தால் கோளாறு வெளியில்; நிறுவனத்தை அழைக்கலாம், சிம் ரூட்டராக இருந்தால் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். கம்பியில் நன்றாக இருந்து மேசையில் மட்டும் குறைந்தால் கோளாறு வீட்டுக்குள். காலை, மாலை, இரவு என மூன்று வேளை அளந்து எழுதி வைத்தால் இன்னும் நல்லது. “லைன் சரியில்லை” என்று பொதுவாகப் புகார் செய்வதைவிட, நாளும் நேரமும் எண்ணும் சொல்லிப் புகார் செய்பவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

கைப்பேசி போதாதா?

பல ரூட்டர்களைக் கைப்பேசிச் செயலி வழியாகவும் அமைக்கலாம். ஆனாலும் கம்பியிட்ட கணினியே நம்பகமானது. வைஃபையின் பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றிய அடுத்த நொடி, கைப்பேசியின் இணைப்பு அறுந்துவிடும். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டால், சில கைப்பேசிகள் தாமாகவே சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது ரூட்டரின் பக்கம் திறக்காது. கம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேலும் செயலிகளில் சில அமைப்புகள் மறைந்திருக்கும். கணினியில் எல்லாமே கண்முன் இருக்கும்.

அமைப்புப் பக்கத்திற்குள் நுழைதல்

ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ரூட்டரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். ஒட்டுத்தாள் கிழிந்து போயிருந்தால், கணினியின் நெட்வொர்க் அமைப்புகளில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் இருக்கும் எண்தான் அது.

அந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டச்சு செய்யுங்கள். கூகள் தேடல் பெட்டியில் போட்டால் வேறு பக்கங்கள் வந்து குழப்பும். ‘பாதுகாப்பற்ற பக்கம்’ என்ற எச்சரிக்கை வரலாம். இது உங்கள் வீட்டுப் பெட்டியின் பக்கம்தான். முகவரி சரியாக இருந்தால் தொடரலாம்.

உள்ளே சென்றதும் இணைப்பு வகையைப் பாருங்கள். நிறுவனம் கொடுத்த ரூட்டராக இருந்தால் இந்தப் பகுதி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும்; அதைத் தொட வேண்டாம். நீங்களே வாங்கிய ரூட்டரை ஃபைபர் இணைப்பில் பொருத்துவதாக இருந்தால், ‘பிபிபிஓஇ’ என்ற வகையைத் தேர்ந்து, நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். யூனிஃபை ஃபைபருக்கு ‘வீலேன்’ எண் 500 என்றும் குறிப்பிட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் இணையம் வரவில்லை என்றால், பல நேரங்களில் விடுபட்டிருப்பது இந்த எண்தான்.

சிம் போடும் ரூட்டர் பெரும்பாலும் தன் அமைப்பைத் தானே கண்டுகொள்ளும். உறவினர் கொடுத்த பழைய மோடம் என்றால், அது 4ஜி கருவிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு கடவுச்சொல்லின் விலை

இங்கே இரண்டு கடவுச்சொற்கள் உள்ளன. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று இந்த அமைப்புப் பக்கத்திற்குள் நுழைவதற்கு. முதலாவதை மாற்றுகிறவர்கள்கூட இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பல பெட்டிகளில் அது ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாகவே இருக்கும்.

இது என்ன பெரிய ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் பரவியது. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் அது கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அந்தக் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தாக்கியதில், டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. தம் வீட்டுப் பெட்டி அந்தத் தாக்குதலில் பங்கேற்றது என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது.

ஆகவே இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாம். வைஃபை கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகளாக இருக்கட்டும். அடையாள அட்டை எண், வாகன எண், பிறந்த நாள் வேண்டாம். பாதுகாப்பு வகையில் ‘டபிள்யூபிஏ3’ அல்லது ‘டபிள்யூபிஏ2’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கைப்பேசி இணைய மறுத்தால் இரண்டும் கலந்த வகை கைகொடுக்கும். பொத்தானை அழுத்தி இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள்.

ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதியும் இதே பக்கத்தில் இருக்கும். அதைக் கம்பி வழியாகவே செய்யுங்கள். இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டியே வேலை செய்யாமல் போய்விடலாம்.

ஜன்னலா, நடுக்கூடமா?

இதற்கு ஒரே விடை இல்லை. ஃபைபர் ரூட்டர் வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் இருப்பது நல்லது. சிம் ரூட்டர் கோபுரத்தின் பக்கமுள்ள ஜன்னலில் இருப்பது நல்லது.

எந்த ஜன்னல் என்பதைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எஸ்ஆர்பி’ என்று ஓர் எண் காட்டப்படும். அது எப்போதும் எதிர்ம எண்ணாகவே இருக்கும். -80 மிக நன்று, -100 சுமார், -110-ஐத் தாண்டினால் மோசம். இது மடக்கை அளவு. கூடுதல் கணிதம் படிப்பவர்களுக்குப் புரியும்: -100-லிருந்து -90-க்கு வந்தால் அலையின் ஆற்றல் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். ரூட்டரை ஒவ்வொரு ஜன்னலிலும் ஓரிரு நிமிடம் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்திற்கு மாற்றுவதே சில நேரம் பெரிய வேறுபாட்டைத் தரும்.

லயத்துப் பலகைச் சுவர் வைஃபைக்குப் பெரிய தடையல்ல. தகரமும் குளிர்பதனப் பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும்தான் தடை. தொலைக்காட்சியின் பின்னால் ரூட்டரை ஒளித்து வைப்பதும் தவறு. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குலைக்கும்.

வரிசை வீடுகளில் ஒரே பாதை

வரிசை வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும், சுவரையும் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றுதான்: 1, 6, 11. அடுத்தடுத்த வீடுகள் எல்லாம் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போவது போல ஆகிவிடும். இடைப்பட்ட 3, 4 போன்ற எண்களைத் தேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டு பக்கத்து அலைகளோடும் மோதல் வரும். அண்டை வீட்டாரோடு பேசி ஆளுக்கொன்றாக 1, 6, 11 என்று பிரித்துக்கொள்ளலாம். ரூட்டர் இருக்கும் அறையிலேயே படிப்பவர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். அது வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் தூரம் போகாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இணைய வகுப்புக்காக உங்கள் வைஃபையைக் கேட்டால் மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் ‘விருந்தினர் வலையமைப்பு’ என்ற வசதி இருந்தால் அதைத் திறந்து, தனிக் கடவுச்சொல் கொடுங்கள். இணையம் அவர்களுக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கணினியும் அச்சுப்பொறியும் தனியாகவே இருக்கும். டேட்டா அளவு குறைந்த திட்டம் என்றால், விண்டோஸ் கணினியில் ‘மீட்டர்ட்’ இணைப்பு என்று குறித்து வையுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் பெரிய புதுப்பிப்புகள் இறங்கி டேட்டாவைத் தின்பது குறையும்.

தெரிந்தவர் சொல்லித் தர வேண்டும்

இந்த அமைப்புப் பக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் ரூட்டருக்குப் பணம் கட்டுபவர் அம்மா அல்லது அப்பா. அந்தத் திரையைப் படிக்கக்கூடியவர் பெரும்பாலும் பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் படித்த நாம், அந்த இடைவெளியை நிரப்பும் இடத்தில் இருக்கிறோம்.

தவறாக ஏதாவது செய்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். எல்லா மாற்றங்களையும் முடித்த பிறகு, அமைப்புகளைக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். முற்றிலும் குழம்பிவிட்டால், ரூட்டரின் பின்னால் இருக்கும் சிறு துளையில் ஊசி முனையால் பத்து விநாடி அழுத்தினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைவசம் இருக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ரூட்டரின் முகவரி, வைஃபை பெயர், தேர்ந்தெடுத்த அலைவரிசை, சிறந்த ஜன்னல், நிறுவனத்தின் உதவி எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொற்களை அம்மாவிடம் தனியாகக் கொடுங்கள். நீங்கள் மேற்படிப்புக்காக மலையிறங்கிப் போன பிறகு, தம்பியோ தங்கையோ யுபியு பக்கத்தைத் திறக்கும் இரவில் அந்தத் தாள் உதவும். அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த வார இறுதியிலேயே செய்து பாருங்கள்.