கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்ட வயது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எங்கள் ஊர்ப் பக்கம் புரோக்கர்கள் வந்துவிடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடம் எந்த வீட்டில் வயசுப்பெண் இருக்கிறாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மூன்று வருடம் மில் வேலை, தங்க விடுதி, வேளைக்குச் சோறு, முடித்து வரும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பார்கள். திண்டுக்கல், திருப்பூர், கோவை, ஈரோடு வட்டார நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படித்தான் சேர்ந்தார்கள். நானும் போனேன்.

எனக்குச் சைடர் வேலை. ஓடும் மெஷினில் அறுந்த நூலைப் பிடித்து இணைத்துக்கொண்டே நடக்க வேண்டும். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்பதால் உள்ளே எந்நேரமும் புழுக்கம். மூக்கிலும் தலைமுடியிலும் பஞ்சு. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் அதையும் நாங்களே பார்ப்போம். வீட்டுக்குப் போன் பேசும்போது வார்டன் பக்கத்தில் நிற்பார். இதெல்லாம் நம் நல்லதுக்குத்தான் என்று முழுசாக நம்பினேன்.

என் அறைத் தோழிக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று வருடம் முடியவில்லை என்று சொல்லி, மொத்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அன்று ராத்திரி தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: “அது என்ன அவுக செய்யிற சீரா? மாசாமாசம் நம்ம கூலியில பிடிச்சு வச்ச காசு புள்ள.”

பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. அழுது முடித்ததும் ஒரு நோட்டில் ஓ.டி. நேரத்தை எழுத ஆரம்பித்தேன். பிடித்தம் எதற்கு என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டேன். வேலை முடிந்து வந்த பணத்தை அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசி வைத்திருந்தார். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. பணத்தை என் பெயரில் போட்டுவிட்டு, தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினேன். அப்பா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைத் தாங்கியதுதான் மில் வேலையைவிடக் கடினம்.

இப்போது வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புகிறேன். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கு. பி.எஃப்.க்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 சதவீதம் பிடித்தால், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். 12 இலக்க யு.ஏ.என். நம்பர் உன்னுடையது, மில் மாறினாலும் அது மாறாது. இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது 0.75 சதவீதம், அதில் உனக்கும் உன்னை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருடத்துச் சட்டம். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். விடுதிக் கதவு பூட்டியிருந்தால் மகள் பத்திரம் என்று நினைக்கிறோம். என் தோழி பூட்டிய கதவுக்குள்தான் ஏமாந்தாள். சம்பாதிப்பதால் மட்டும் ஒரு பெண் சொந்தக் காலில் நின்றுவிட மாட்டாள். சம்பாதித்தது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் அவளிடம் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அவள் மில்லில் கேட்க வேண்டுமானால், முதலில் வீட்டில் கேட்க விடுங்கள். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் அவள் கையிலேயே இருக்கட்டும்.