கடன் அட்டைக்குக் காவல்

பணம் பெட்டியில் இருந்த காலத்தில் பூட்டு ஒன்றே போதிய காவலாக இருந்தது. இன்று நம் அங்கத்தினர்களுள் பலர் நூலுக்கும் உரத்துக்கும் கடன் அட்டையை நீட்டுகின்றனர். அட்டை நம் மடியில் பத்திரமாக இருக்கும்போதே பணம் களவு போகக்கூடும். திருடனுக்கு அதன் எண்களே போதும்.

களவு நடக்கும் விதத்தைக் காண்போம். “பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை இன்றிரவு முடக்கப்படும்” என்று தொலைபேசியில் ஒரு குரல் மிரட்டும். அட்டை எண்ணையும், காலாவதித் தேதியையும், பின்புறத்திலுள்ள மூன்று இலக்க எண்ணையும் கேட்கும். கடைசியில் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் கேட்கும். அதைச் சொன்ன மாத்திரத்தில் பணம் போய்விடும். எந்த பாங்கும் இந்த ரகசிய எண்களைத் தொலைபேசியில் கேட்பதில்லை என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வெளிநாட்டுச் செலவு, இணையவழிச் செலவு ஆகியவற்றை அட்டைதாரரே நிறுத்தி வைக்கவும், செலவுக்கு உச்சவரம்பு இடவும் 2020 அக்டோபர் முதல் வசதி உண்டு. வேண்டாத வாசலை மூடி வைப்பது நலம்.

இத்தனைக்கும் பிறகு ஏமாற நேர்ந்தால் என் செய்வது? 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு ஒரு நெறி வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு பாங்குகளுக்கும் அவ்வாறே விதித்தது. நம் பிழையோ பாங்கின் பிழையோ இன்றி வெளியாரால் நேர்ந்த களவாயின், செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமில்லை. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கும், தெரிவிக்கும் வரை போன பணமே நஷ்டம். அதன்பின் போவது பாங்கின் பொறுப்பு என்பது அந்நெறி.

ஆகவே ஒவ்வொரு நாழிகையும் பணமாகும். ஆயினும் நம்மவர் பலர், ஊரார் நகைப்பரே என்று நாணி, வீட்டாரிடமும் சொல்லாது நாட்களைக் கடத்துகின்றனர். அந்த மௌனமே திருடனுக்குத் துணை. படித்த உத்தியோகஸ்தர்களும் ஏமாந்திருக்கின்றனர். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. உடனே பாங்குக்குச் சொல்லி அட்டையை முடக்குக. 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்க. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க.

பாங்கின் தொலைபேசி எண் அட்டையின் பின்புறத்தில் இருக்கும். அட்டையே தொலைந்தால் எண்ணும் உடன் தொலையும். எனவே அதனையும் 1930ஐயும் இன்றே பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்குமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம்.