கார்த்திகையின் மறைந்த துணை

திருவண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றும் மாலையில் முழுநிலவை ஒட்டிக் கார்த்திகை மீன்கூட்டம் நிற்கும். (நிலவொளியில் அது மங்கிவிடும்; சில நாள் கழித்துப் பார்ப்பதே நல்லது.) அதன் கிழக்கோரத்து அட்லஸ், வெறுங்கண்ணுக்கு ஒற்றை விண்மீன். உண்மையில் சூரியனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நிறையுள்ள ஒன்றும், மூன்றரை மடங்கு நிறையுள்ள துணையும் 291 நாளில் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. இத்தகைய துணையை எந்த ஒரு கருவியும் தனித்து முழுதாய் அறிய முடியாது. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 0.013 விகலை, ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கே விகலை. பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் 1986இல் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியால், காற்றின் நடுக்கமே இல்லாவிட்டாலும், 0.06 விகலைக்குக் கீழே பிரித்துக் காட்ட இயலாது. ஒளியின் இயல்பே விதிக்கும் எல்லை அது.

நிலா அட்லஸை மறைக்கையில் அதன் ஒளி மங்கும் விதத்தை அளந்தால் துணை இருப்பது தெரியும், பாதை தெரியாது. நிறமாலை, விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஓடும் வேகத்தைத் தரும். பாதையின் சாய்வைத் தராது. அட்லஸ் வேகமாகத் தற்சுழல்வதால் அதன் நிறமாலைக் கோடுகள் அகன்று கலங்கி, அந்த அளவீடும் கடினமாகிறது. தள்ளித்தள்ளி நிற்கும் கருவிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் குறுக்கீட்டுமானி, சாய்வையும் வடிவத்தையும் காட்டும். ஆனால் கோண அளவில் மட்டுமே. வேகத்திலிருந்து பாதையின் அளவு கிலோமீட்டரில் கிடைக்கிறது. அதைக் கோண அளவோடு சேர்த்தால் இரண்டின் நிறையும், நமக்கும் அவற்றுக்கும் உள்ள தொலைவும் ஒருங்கே வந்துவிடும்.

தொலைவை நேரே அளக்கும் செயற்கைக்கோள் இருக்க, இந்தச் சுற்றுவழி எதற்கு? 1997இல் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் கார்த்திகையின் தொலைவைச் சுமார் 385 ஒளியாண்டு என்றது. அதை ஏற்றால் அங்குள்ள விண்மீன்கள் கோட்பாடு சொல்வதைவிட மங்கலானவையாக இருக்க வேண்டும். 2004இல் பான், ஷாவ், ஸ்ரீநிவாஸ் குல்கர்னி மூவரும் குறுக்கீட்டுமானியால் அட்லஸின் பாதையை வரைந்து, சுமார் 440 ஒளியாண்டு என்றார்கள். நிறையை அவர்கள் கோட்பாட்டிலிருந்து எடுத்தார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அதே ஆண்டு ஸ்வாலன் குழு நிறமாலை வேகங்களைச் சேர்த்து, அந்த ஊகம் இல்லாமலே ஏறத்தாழ 430 ஒளியாண்டு என்ற முடிவுக்கு வந்தது. ஒரு விண்மீனின் தொலைவு முழுக் கூட்டத்துக்கும் பொருந்துமா என்பார்கள். 2014இல் ரேடியோ தொலைநோக்கிகள் கூட்டத்தின் வேறு விண்மீன்களை அளந்து 444 ஒளியாண்டு என்றன. பிறகு கையா செயற்கைக்கோளும் அதையே உறுதிசெய்தது. தவறியது ஹிப்பார்கோஸ்தான்.