வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக் கூடாதவை

பாடி ஸ்ப்ரே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில்கூட நம் ஊர்களில் வெயில் அந்த அளவைத் தொடுவதில்லை. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கையும் டேஷ்போர்டும் ஒரே மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடுகின்றன.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஆய்வாளர்கள் இதை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். வெளியே 38 டிகிரி அளவில் வெப்பம். மே மாதத்து வேலூருக்குப் பழகிய வெயில்தான். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களுக்குள் காற்றின் சராசரி வெப்பநிலை 47 டிகிரி, இருக்கை 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69.

காரணம் கண்ணாடிதான். சூரிய ஒளி அதன் வழியே தடையின்றி உள்ளே வருகிறது. டேஷ்போர்டும் இருக்கைகளும் அதை உறிஞ்சிச் சூடாகி, அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளிவிடுகின்றன. அந்தக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. சூடான காற்றுக்கும் போக வழியில்லை.

இந்தச் சூட்டில் முதல் ஆபத்து அழுத்தத்தில் அடைத்த பொருட்களுக்கு. சிகரெட் லைட்டருக்குள் இருப்பது திரவமாக்கிய பியூட்டேன். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. டேஷ்போர்டில் கிடக்கும் லைட்டர் வெடிப்பதும் கசிவதும் இதனால்தான். ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் இதே கதி.

அடுத்தது செல்போனும் பவர் பேங்க்கும். பல செல்போன்களை அணைத்து வைப்பதற்கே 45 டிகிரிதான் உச்ச வரம்பு. அதற்கு மேல் லித்தியம் பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். வாயு உருவாகி பேட்டரி உப்பும். ஏற்கெனவே பழுதானதாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

மருந்துகள் கெடுவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் இன்னும் கவனம் தேவை. இன்சுலின் ஒரு புரதம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூட்டில் அதன் வீரியம் குறைந்தாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியவரும். மருந்துக்கடைக்குப் போய்விட்டு வழியில் வேறு வேலை இருந்தால், மருந்துப் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சில அச்சங்கள் மிகையானவை. சானிடைசர் காரின் சூட்டில் தானாகத் தீப்பற்றாது; அதிலுள்ள எத்தனால் தானே பற்றிக்கொள்ள 360 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் கசிந்த ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் ஒரு மத்தியானத்தில் விஷமாகிவிடாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 டிகிரியில் வைத்த பாட்டில்களிலிருந்து கசிந்த ஆன்டிமனி அமெரிக்கக் குடிநீர் வரம்பைத் தாண்ட 176 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். வாரக்கணக்கில் காரிலேயே கிடந்த பாட்டிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நிழல் கைகொடுக்கும். அதே அரிசோனா ஆய்வில் நிழலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதில் பெரிய பலன் இல்லை. 2005-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு இதைக் காட்டியது. வெளியே 22 டிகிரியே இருந்த நாளிலும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். தூங்குகிறதே, எழுப்ப வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்ல. சூடு ஏறும் வேகத்தை அறியாதவர்கள். இறங்கும்போது பின் இருக்கையை ஒரு முறை திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பூட்டிய காருக்குள் மயங்கிய குழந்தையைக் கண்டால் உரிமையாளர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைக்குத் தொலைவான ஜன்னலை உடைத்து வெளியே எடுங்கள். கூடவே 108-ஐ அழையுங்கள்.