நீர்மூழ்கி வீரரின் கரைநாட்கள்

கடலோடிகளின் வீரத்தைப் புகழ்ந்தோர் பலர். அவர்தம் கலம் பழுதுபார்க்கும் துறையிற் கிடக்குங்காலை அவர் யாது செய்வர் என எண்ணியோர் சிலரே. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க நீர்மூழ்கி வீரரின் கரைநாட்கள் இவ்வகையிற் சிந்திக்கத்தக்கன.

ஹவாய்த் தீவின் பேள் துறைமுகத்தினின்று புறப்படும் நீர்மூழ்கி, ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை கடலில் உலாவும். 60 முதல் 80 பேர் ஒடுங்கிய இரும்புக் கூட்டினுள் வாழ்வர். பகலொளி அரிது, நன்னீர்க் குளியல் அதனினும் அரிது, எண்ணெய் நாற்றமோ உடையெல்லாம் ஊறிவிடும். கலம் துறையடைந்ததும் மாற்றுக் குழுவினர் ஏறிப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்பர். பயணஞ் செய்தோர்க்கு ஏறத்தாழ 2 வாரம் ஓய்வு.

அவ்வோய்வுக்கென, 1927 இல் திறக்கப்பட்ட ரோயல் ஹவாயன் என்னும் இளஞ்சிவப்பு மாளிகையைக் கடற்படை 1942 இல் வாடகைக்குப் பெற்றது. செல்வர் உல்லாசமாகத் தங்கிய ஹொட்டேலில் எண்ணெய்க் கறை படிந்த மாலுமிகள் துயின்றனர். வைகிக்கிக் கடற்கரையில் முட்கம்பி வேலி. இராணுவச் சட்டத்தால் இரவில் ஊரடங்கு. எனினும் அவர் நீந்தினர், பந்தாடினர், தேங்கிக் கிடந்த கடிதங்களைப் படித்தனர், கடலிற் கிட்டாத புதுப்பாலும் பழமும் உண்டனர், சீட்டாடினர்.

சீட்டுக்களுள் கிரிபேஜ் என்னும் ஆட்டம் நீர்மூழ்கியாளர்க்கு உரியதெனவே கூறலாம். துளையிட்ட பலகையில் முளைகளை நகர்த்தி எண்ணிக்கை குறிப்பர். ஒரு கையிற் பெறத்தகும் உச்ச எண் 29; அது 2,16,580 கைகளில் ஒருமுறையே வாய்க்கும். 1943 மார்ச்சில் மஞ்சட் கடலில், 'வாகூ' என்னும் கலத்தின் தலைவர் மோட்டன் சீட்டுப் பகிர, அவருக்கு அடுத்த அதிகாரி ஓகேனுக்கு அவ்வெண் வாய்த்தது. கலத்தவர் அதனை நற்சகுனமாகக் கொண்டனர்.

கரைநாட்களின் உண்மையான சூதாட்டம் சீட்டில் இல்லை. ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் கலத்தவருள் ஒரு பகுதியினர் வேறிடம் மாற்றப்படுவர். அவரிடத்துக்குப் புதியோர் வருவர். 1943 மே இறுதி முதல் யூலை வரை 'வாகூ' கலிபோர்ணியாவின் மெயர்த் தீவுக் கப்பற்றளத்திற் செப்பனிடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஓகேன் அதனை நீங்கி, அத்தளத்திற் கட்டப்பட்ட 'டாங்' என்னும் புதுக்கலத்தின் தலைமைக்கு உரியவரானார். மோட்டனோ பழைய கலத்திலேயே சென்றார். ஒக்டோபர் 11 ஆந் திகதி 'வாகூ' யப்பானுக்கு வடக்கே மூழ்கடிக்கப்பட்டது, ஒருவரும் மீண்டிலர். அதன் பின் நான்காம் நாள் 'டாங்' கடற்படையிற் சேர்க்கப்பட்டது.

அதன் கதையும் இனிது முடியவில்லை. 1944 ஒக்டோபரில், தான் ஏவிய டொர்பிடோ வளைந்து திரும்பித் தாக்க, அக்கலம் அழிந்தது. ஓகேன் உட்பட ஒன்பதின்மரே உயிர்தப்பி யப்பானியரிடம் சிறைப்பட்டனர். அப்போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. மாண்டோர் 3,500 இற்கு மேற்பட்டோர். ஓகேனின் நினைவைத் தாங்கிய கிரிபேஜ்ப் பலகையைப் பசுபிக் கடற்படையின் மிக மூத்த நீர்மூழ்கிக்கு வழிவழியாக ஒப்படைக்கும் மரபு பின்னர் எழுந்தது.

நமது திருகோணமலையிலும் அப்போர்க்காலத்தில், 'அடமன்ற்' என்னும் தாய்க்கப்பலைச் சார்ந்து பிரித்தானிய நீர்மூழ்கிகள் தங்கின. கரையில் விளையாடித் திரியும் மாலுமியை வீண்பொழுது போக்குவோன் என்று இகழ்வது எளிது. ஐவருள் ஒருவர் மீளாத தொழிலில், பால் ஒரு குவளையும் சீட்டாட்டம் ஒன்றும் வீண்பொழுதாகா. வாழ்வின் பங்கை அவர் முன்னரே பெற்றுக்கொண்டனர், அவ்வளவே.